கண்டக்டரின் கழுத்து

1

இந்தக் கதை ஒரு சேவலின் எச்சத்தில் தொடங்கியது. காலையில் பல் துலக்க வெளியே வந்தேன். வாசலில் வெள்ளையும் பச்சையுமாகக் கிடந்தது. மிதித்த பிறகுதான் பார்த்தேன்.

இதைவிட மரியாதையான தொடக்கங்களையும் எழுதிப் பார்த்தேன். அடித்தவை அடைப்புக்குறிக்குள்.

[பங்குனி வெயில் தாமிரபரணியின் மேல்] தச்சநல்லூரில் நான் இருக்கும் அறையிலிருந்து ஆறு தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அடித்துவிட்டேன்.

[வேலையை விட்டு வந்த நாளில்தான் அந்தச் சேவல்] பொய். வேலையை விட்டு வெகுகாலம் கழித்துத்தான்.

[உயிர் என்பது] இதை எழுதியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆகவே எச்சத்திலேயே நிற்கிறேன்.

எதற்காக எழுதுகிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நான் செய்ததைப் பக்கத்து வீட்டு முத்துராணி அக்காவிடம் சொல்லக் கூடாது. சொல்லாதே என்று அவளே சொல்லிவிட்டாள். அவளுடைய புருஷனிடமும் சொல்லக் கூடாது. மற்றவர்களிடம் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த மற்றவர்கள் நீங்கள்.

2

கதை சொல்பவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்வது வழக்கம். என் பெயர் டைட்டஸ். கடற்கரைக்காரன். வீட்டில் எல்லோருக்கும் படகு. எனக்குப் படகில் ஏறினால் வாந்தி. சென்னையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் யாருக்கு என்ன நோய் என்று வரும் காகிதங்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். ஒருநாள் ஷிஃப்டின் நடுவில் டீ குடிக்க இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. காரணம் கேட்டால் [அந்த ஓயாத வெளிச்சம்] சொல்லத் தெரியாது.

அந்த எண்களில், கோழி கொத்திய காயத்துக்கென்று தனியாக ஓர் எண் உண்டு. இது கற்பனை இல்லை. கோழிக்கு நோய் வந்தால் எண் கிடையாது. என் படிப்பும் அனுபவமும் இந்தக் கதைக்கு உதவியது இவ்வளவுதான்.

இப்போது இங்கே ஒரு வளவில் ஓர் அறையில் இருக்கிறேன். ஒரே முற்றம், வரிசையாக வீடுகள், கடைசியில் நான். பிழை திருத்தும் வேலை வந்தால் செய்கிறேன். பெரும்பாலும் வருவதில்லை. நோயாளிகளை இப்படிப்பட்டவர்களிடம்தான் ஒப்படைப்பார்கள்.

சேவலின் பெயர் கண்டக்டர். முத்துராணி அக்கா வைத்த பெயர். வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, உள்ளே இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கத்துவான். குஞ்சாக இருந்தபோது கூடப் பிறந்ததையெல்லாம் பூனை தூக்கிப் போய்விட, இவன் ஒருவன் மிஞ்சினான். அக்கா பீடி சுற்றும்போது அவள் முழங்காலில் ஏறி உட்கார்ந்து தூங்கி வளர்ந்தவன். இலைத்தூளில் தும்முவான். கோழி தும்மும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா அவனை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, கண்டக்டருக்கு என்னமோ ஆயிட்டு. நின்னமானிக்கே தூங்குதான். கொண்டையப் பாரு, கருத்துட்டு."

"கறிக்கடையில குடுத்திருங்கக்கா. இன்னும் உயிர் இருக்கு, எடுத்துக்கிடுவான்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அவள் பார்த்த பார்வைக்கும் எண் கிடையாது.

"இது எங் கோழி இல்ல தம்பி. மாடனுக்கு நேந்தது."

3

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பின்னால் போவது எனக்குப் பிடிக்காது, சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

முத்துராணி அக்காவின் புருஷன் பலவேசம் அண்ணாச்சி அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். போன கார்த்திகையில் மூட்டையோடு சரிந்தார். நெஞ்சு. பெரியாஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாத நேரத்தில், அக்கா முக்கூடல் பக்கம் அவர்களுடைய குடும்பக் கோயிலில் இருக்கும் சுடலைமாடனிடம் பேசினாள். இவர் எழுந்து நடந்து வந்தால் என் சேவலை உனக்குத் தருகிறேன் என்றாள். நகை எல்லாம் ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போயிருந்தது. சாமிக்குக் காட்டுவதற்கு என்று அவளிடம் மிச்சம் இருந்தது அவன்தான்.

அண்ணாச்சி எழுந்து நடந்து வந்தார். சித்திரைக் கடைசி வெள்ளியில் கோயில் கொடை, அன்றைக்குத்தான் பலி. மாடன் தன் வேலையை முடித்துவிட்டான். பாக்கி இவள் பக்கம்.

"கொடைக்கு முன்னாடி செத்துட்டுன்னா?" என்று கேட்டேன்.

அக்கா முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணாச்சி சொன்னார்.

"சொல்லு முத்துராணி. கோழி இல்லன்னா மாடன் என்னயத் தூக்கிருவான்னு சொல்லு. எடைக்கு எடை பாத்தா அவனுக்கு லாபந்தாம்லே."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"நான் சும்மாதான இருக்கேன். கார்த்திகையிலருந்து சும்மாதான் இருக்கேன்."

ஆக, விஷயம் இதுதான். சேவல் பிழைக்க வேண்டும். பிழைத்தால் வெட்டுவார்கள். பிழைக்காவிட்டால் அக்கா ஒவ்வொரு நாளும் புருஷனின் நெஞ்சைக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். இதற்குமேல் இந்தக் கதையில் சிக்கல் ஏதும் இல்லை. வைக்கவும் எனக்குத் திராணி இல்லை.

4

சேவலைப் பழக்கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே காசு கிடையாது. எனக்கு முன்னால் ஓர் எருமை நின்றது.

டாக்டர் சுப்ரஜா சேவலின் பின்பக்கத்தை என்னைவிட மரியாதையாகப் பார்த்தார்.

"வெள்ளைக்கழிச்சல். தடுப்பு மருந்து குடுத்தீங்களா?"

"எனக்குத் தெரியாது மேடம். பக்கத்து வீட்டுக் கோழி."

"வளக்கதுக்கா, கறிக்கா?"

யோசித்தேன். "கோயிலுக்கு."

அவர் பதிவேட்டில் 'வளர்ப்பு' என்று எழுதிக்கொண்டார்.

இதற்கென்று மருந்து இல்லை, இது வைரஸ், சூடாக வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் இறக்குங்கள், பிழைத்தால் பிழைக்கும் என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் குப்பியில் மஞ்சளாக வைட்டமின் மருந்து ஊற்றிக் கொடுத்தார்.

"இது இப்ப இல்ல. பொழச்சுதுன்னா, சிலதுக்குக் கழுத்து திருகிக்கிடும். நரம்புல அடிச்சிரும். அப்பத் தெனமும் சொட்டுச் சொட்டா விடுங்க. நேராயிரும். விடாம இருந்தா அப்படியே நின்னுரும்."

இந்தக் குப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வேறு பொருள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அதன் பிறகு நடந்தது வைத்தியம். கோழிக்குச் சூடு வேண்டும். பல்பு போட்டால் மீட்டர் ஓடும். மீட்டர் வளவு முழுக்க ஒன்றுதான். ஓடினால் வீட்டுக்காரர் வருவார். ஆகவே கலர்ப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, நான் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைச் சுற்றி, சோப்புப் பெட்டி அட்டைக்குள் வைத்தேன். ஆறினதும் மாற்ற வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவனுக்கு அது ஒன்றும் புதிது இல்லை. அங்கே சம்பளம் உண்டு.

சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள். சாக்கடை ஓரத்தில் கீழாநெல்லி இலவசமாக முளைத்திருந்தது. அக்கா அம்மியில் அரைத்துக் கொடுக்க, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, அலகைப் பிளந்து உள்ளே தள்ளினேன். மேலே உப்பும் சீனியும் போட்ட கஞ்சித்தண்ணீர். அவன் அதில் பாதியை என் சட்டையில் திருப்பிக் கொடுத்தான்.

அண்ணாச்சி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"லே டைட்டஸு, வெங்காயம் போயிட்டு, பூண்டு போயிட்டு, மிளகு சீரகம் மஞ்சளும் போயிட்டு. எல்லாம் உள்ளயே எறங்கிட்டு. இனி வெளிய கொஞ்சம் எண்ணெய மட்டும் ஊத்துனா வேல முடிஞ்சுது."

அக்கா அம்மிக்குழவியை எடுத்த வேகத்தில் அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

5

(அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது. அடியில் போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள்.)

இந்த இடத்தில் எனக்கும் சேவலுக்கும் இடையே பாசம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அப்படி ஒரு பத்தியும் எழுதினேன்:

[அவன் முதன்முதலாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது]

அவன் பார்த்தது என்னை அல்ல. என் பின்னால் சுவரில் ஒரு பல்லி.

பலவேசம் அண்ணாச்சியைப் பற்றியும் சந்தேகம் இருந்தது. செத்துப் பிழைத்த ஒருவர் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாரா? அச்சில் பார்த்தால் வாசகனைச் சிரிக்க வைக்க நான் கொண்டுவந்து உட்கார வைத்த ஆள் போலத் தெரிகிறார். அவர் பேச்சில் பாதியை வெட்டிப் பார்த்தேன். வெட்டினால் நாற்காலி காலியாக இருந்தது. அது அதைவிட மோசமாக இருந்தது. ஆகவே திரும்ப உட்கார வைத்தேன்.

அக்காவைப் பற்றிச் சந்தேகம் இல்லை. அவள் அழவே இல்லை. கதைகளில் அழுகிறவர்கள்தான் சந்தேகத்துக்குரியவர்கள்.

6

கண்டக்டர் பிழைத்துவிட்டான்.

ஒரு காலையில் அட்டைப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அவன் வெளியே நின்றுகொண்டிருந்தான். கழுத்து மட்டும் இடப்பக்கம் திரும்பி, தலை கிட்டத்தட்டத் தலைகீழாக இருந்தது. வானத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். குருணை போட்டேன். குறி பார்த்தான். கொத்தினான். அலகு பக்கத்துத் தரையில் விழுந்தது. மறுபடி குறி பார்த்தான். மறுபடி பக்கத்துத் தரை. [எழுதுகிறவனின் நிலையும்] இல்லை. ஒப்பிடப் போவதில்லை. குருணையைக் கையில் வைத்து அலகுக்கு நேரே நீட்டினேன். தின்றான்.

அன்றே இசக்கிமுருகன் வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், அண்ணாச்சிக்குச் சித்தப்பா மகன், கொடையன்று மாடன் இறங்கி ஆடுவது அவன் மேல்தான். ஆட்டோவை வளவு வாசலில் நிறுத்திவிட்டு, சேவலைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். சேவல் எப்படித் திருப்பினாலும் வானத்தையே பார்த்தது.

"மைனி, இது ஆவாது. பின்னமான உருப்படி. ஊனம் உள்ளத மாடன் வாங்க மாட்டான்."

"வேற சேவ வாங்கிக் குடுத்தா?"

"நீங்க நேந்தது இவன. ஆள் மாத்தி நிக்கதுக்கு இது என்ன ரேஷன் கட வரிசையா?"

"அப்பம் என்னலே செய்ய?"

"கொடைக்குள்ள கழுத்து நேரானா கொண்டாங்க. நேராவலன்னா மாடன் வேண்டாம்னு கழிச்சு விட்டுட்டான்னு அர்த்தம். பொங்கல வச்சுக் கும்புட்டுட்டுக் கோழியக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். கடன் தீந்துட்டு."

அக்காவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, யாரும் பார்ப்பதற்குள் போனது. நான் பார்த்துவிட்டேன். இசக்கிமுருகனும் பார்த்திருக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு மைனி. தானா வந்த பின்னம் வேற. நேந்தவுக வேணும்னே அப்படியே விட்டு வச்சா அது களவு. அவங்கிட்ட நடக்காது. எனக்கே பயமா இருக்கும், என் மேலதான வாரான்."

சொல்லிவிட்டு என்னிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

7

மறுநாள் அக்கா இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அவள் முழங்காலில் ஏறப் பார்த்தான். குறி தவறிப் பக்கத்தில் விழுந்தான். அவள் ஒரு கையால் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரம்மா மருந்து தந்தாவன்னு சொன்னியே. குடுத்தா கழுத்து நேராயிருமா?"

"ஆவும்னுதான் சொன்னாங்க."

"குடுக்கலன்னா?"

"இப்படியே நின்னுரும்."

ஒரு பீடிக்கு நூல் சுற்றி முடிச்சுப் போட்டாள். இன்னொன்றுக்கும் போட்டாள்.

"நீ வேதக்காரந்தான?"

"பேருக்குக் கிறிஸ்தவன்."

"பேருக்குப் போதும். ஒனக்கும் மாடனுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கெடையாது."

"இல்ல."

"குப்பி ஒன் ரூம்லயே இருக்கட்டும். கோழியும் அங்கனயே இருக்கட்டும். குடுத்தியா, குடுக்கலயான்னு எங்கிட்டச் சொல்லாத. நானும் கேக்க மாட்டேன். தெரிஞ்சா நாஞ் செஞ்ச மாதிரி ஆயிரும்."

"அக்கா, நீங்க என்ன நெனைக்கிறீங்க? குடுக்கவா வேண்டாமா?"

"அதச் சொன்னா என்னத்துக்கு உங்கிட்டக் குடுக்கேன்?"

சேவலை என் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அதன் காலிலிருந்து விரலை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சாயந்தரம் அவள் பீடிக்கட்டைக் கம்பெனியில் போடப் போயிருந்தபோது அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து அவ்வளவு தூரம் அவர் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சேவல் வானத்தைப் பார்த்தது.

"மருந்து விடுதியாலே?"

நான் குப்பியைப் பார்த்தேன்.

"நல்லா விடு."

"கறிக்கா அண்ணாச்சி?"

"கறிக்குன்னே வச்சுக்கோ." நெஞ்சில் கையை வைத்தார். "படுக்கும்போது உள்ள ஒரு தட்டு தட்டுதுலே. பைய ஒருக்கா. பொறவு நின்னுருது. அவகிட்டச் சொல்லல. சொன்னா கண்ண மூட மாட்டா. மாடன் கணக்க முடிச்சுட்டோம்னா தட்டாதுன்னு ஒரு நெனப்பு. டாக்டரு மாத்திர தாராரு. இது வேற."

"நீங்க இதெல்லாம் நம்புவீங்களா?"

"மூட்ட தூக்குதப்போ நம்பலலே. இப்பம் உக்காந்திருக்கம்லா."

எழுந்தார். வாசலில் நின்று, "நான் வந்தத அவகிட்டச் சொல்லிராத" என்றார்.

8

முடிவுகள்.

அ. மருந்து விடுகிறேன். கழுத்து நேராகிறது. கொடையன்று முக்கூடல் பஸ்ஸில் அக்காவின் மடியில் கண்டக்டர் போகிறான். டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் பார்த்துச் சிரிக்கிறார். (இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.) மறுநாள் எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வருகிறது. அக்கா எல்லோருக்கும் பரிமாறுகிறாள். தனக்கு ரசம் ஊற்றிக்கொள்கிறாள். அண்ணாச்சி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, வேடிக்கையாக எதுவும் சொல்லாமல் மெல்லுகிறார். அன்றைக்கு நன்றாகத் தூங்குகிறார். தூங்குவாரா?

ஆ. மருந்து விடவில்லை. பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சேவலோடு திரும்பி வருகிறார்கள். அவன் அக்காவின் முழங்காலில் கோணலாகத் தூங்குகிறான். கோணலாகவே தும்முகிறான். அண்ணாச்சியின் நெஞ்சு ஒவ்வொரு முறை தட்டும்போதும், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். கேட்காது. கேட்கும்.

இ. சேவல் ஓடிப்போய்விடுகிறது. சோம்பேறியின் முடிவு. தவிர, கழுத்து திருகிய சேவல் ஓடினால் வட்டமாகத்தான் ஓடும். புறப்பட்ட இடத்துக்கே வரும். முற்றத்தில் விட்டுப் பார்த்துவிட்டேன்.

ஈ. எல்லோரும் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசி [அக்கா, அண்ணாச்சி சொல்கிறார்] இவர்கள் புருஷன் பெண்டாட்டி. அப்படியெல்லாம் பேச மாட்டார்கள்.

9

முதல் பகுதியில் 'நான் செய்ததை' என்று எழுதியிருந்தேன். திருத்த வேண்டும். நான் இன்னும் எதையும் செய்யவில்லை. எழுதிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு பகுதியில் செய்துவிட்டிருப்பேன் என்று நினைத்தேன். அதற்காகத்தான் எண் போட்டேன். எண் போடுவது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் இன்னொன்று தெரிய வந்தது. மருந்து விடாமல் இருந்தால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். இந்தக் கதையை ஆரம்பித்ததிலிருந்து நான் மருந்து விடவில்லை. முதல் வரியைத் திருத்திக்கொண்டிருந்தபோது விடவில்லை. அண்ணாச்சியை வெட்டித் திரும்ப உட்கார வைத்தபோதும் விடவில்லை. யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்து அதற்குள் கொஞ்சம் இறுகியிருக்கிறது. நேற்று விரலால் பைய நிமிர்த்திப் பார்த்தேன். வந்தது, ஆனால் முன்னைப்போல வரவில்லை. இன்னொரு பகுதி எழுதினால் முடிவு 'ஆ' தானாக வந்துவிடும். தானாக வந்த பின்னம் வேறு என்று இசக்கிமுருகன் சொன்னான். கதை எழுதிக்கொண்டிருந்ததால் வந்த பின்னம் எந்தக் கணக்கில் சேரும் என்று அவனிடம் கேட்க முடியாது.

ஆகவே எழுதுவதை இங்கே நிறுத்த வேண்டும்.

அக்கா எதற்காகச் சேவலை என்னிடம் கொடுத்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் மாடனுக்கும் இடையில் இருந்த கடனைக் கடனே இல்லாத ஒருவன் கையில் வைத்தாள். அந்த நேரத்தில் அது சரியான யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. அண்ணாச்சி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இப்போது நானும் கடன்காரன்.

நீங்கள் யார், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று எனக்குத் தெரியாது. முக்கூடல் பக்கம் உங்களுக்கு யாரும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி படுத்திருப்பது உங்களுக்குக் கேட்காது. அக்கா சுளகோடு முற்றத்தில் இருக்கிறாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

குப்பி சன்னலில் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன். விடுவதானால், கண்டக்டரை மடியில் வைத்து, சாரத்தால் இறக்கையை மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடிப்பான். அலகைப் பிளக்க வேண்டியதில்லை. கழுத்து மேலே பார்த்தபடி இருப்பதால் வாயை அவனே திறந்துகொண்டுதான் இருப்பான். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

என்ன செய்தீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். நானும் கேட்க மாட்டேன்.